உறைபனியில் லடாக்: குளிர்கால நிலக்காட்சிகளைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லடாக் என்றதும் நம் கண்முன் வருகிற படங்களில் பெரும்பாலானவை ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் எடுத்தவை. நீலமாக விரிந்த பாங்காங் ஏரி, வளைந்து ஏறும் சாலை, ஓரமாக நிறுத்திய பைக். அதே இடங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் குறைவு. நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் சரியான காலம் என்பேன். குளிர்காலத்தின் ஒளியே அதற்குக் காரணம்.

லே நகரம் ஏறக்குறைய 34 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 32, 33 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. சென்னையில் அதே நாளில் 53 டிகிரிவரை போய்விடும். நம் ஊரில் காலை எட்டரை மணிவாக்கில் கிடைக்கிற சாய்ந்த வெயில், அங்கே பகல் முழுக்கக் கிடைக்கிறது. மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழும். காற்று செதுக்கிய பனியின் வரிகள் தெளிவாகத் தெரியும்.

இதற்கு விலை குளிர். லேயில் ஜனவரி இரவுகள் -15 டிகிரியை ஒட்டியே போகும். இன்னும் உயரத்தில் இருக்கும் பாங்காங், ஹான்லே கிராமம் பக்கம் -20க்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிய சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். உயரமும் சேர்ந்துகொள்வதால் யோசனையும் மந்தமாகும். மெனுவைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருக்க அங்கே முடியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: அறைக்குள் எடுக்க முடிந்த முடிவுகளை எல்லாம் அறைக்குள்ளேயே எடுத்துவிட்டு வெளியே போங்கள்.

1. எங்கே, எப்போது

முதலில் ஓர் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். லடாக் மழைமறைவுப் பிரதேசம், குளிர்ப் பாலைவனம். லேயில் ஆண்டு முழுக்க விழும் மழையும் பனியும் சேர்ந்தே 10 சென்டிமீட்டர் அளவுதான். குல்மார்க்கைப் போல இடுப்பளவு பனியை இங்கே தேட வேண்டாம். பழுப்பு மலைகளின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, காற்று வாரிச் சேர்த்த பனி வரிகள், உறைந்த ஆறு, உறைந்த ஏரி. கோடுகளையும் வடிவங்களையும் விரும்புகிறவர்களுக்கு இந்த நிலம் தாராளமாகக் கொடுக்கும். நிறையப் பனிதான் வேண்டும் என்றால், சோஜி லா கணவாய்க்கு லடாக் பக்கமாக இருக்கும் திராஸ் பகுதிக்குப் போகலாம். ஆனால் நடுக்குளிர்காலத்தில் அங்கே சாலை எந்த நாள் திறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நேரம்: ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை. பாங்காங் உப்புத்தன்மையுள்ள ஏரிதான். ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் இந்தக் காலத்தில் கரையிலிருந்து கரைவரை உறைந்துவிடும். நிம்மு அருகே சிந்துவும் ஜன்ஸ்காரும் கூடும் இடத்தை லேயிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். கோடையில் வண்டல் கலந்து ஓடும் இந்த ஆறுகள் குளிர்காலத்தில் தெளிந்து பச்சைநீலமாகிவிடும். வட்ட வட்டமான பனிக்கட்டித் தகடுகள் அதில் மெல்ல மிதந்து வரும். சுமதாங்கில் சிந்துக் கரையோரம் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அதிகாலையில் அந்த ஆவி பக்கத்துப் புல்லின் மேலும் கல்லின் மேலும் உறைபனியாகப் படிந்திருக்கும். குளிர்காலக் காலைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஃபியாங் பக்கம் போனால் பனி ஸ்தூபிகளையும் பாருங்கள். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் முன்னெடுத்த முயற்சி இது. மேட்டிலிருந்து குழாயில் வரும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீச்சியடித்து, காற்றில் உறைந்து கூம்பாக எழும்பும். வசந்தத்தில் உருகிப் பயிருக்குப் பாயும்.

பயணத் திட்டத்தில் இரண்டு மூன்று நாள்களைச் சும்மா விட்டுவையுங்கள். பாங்காங் போகும் வழியில் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் சாங் லா கணவாயில் பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள். வானிலை மோசமானால் விமானமும் வராது. எல்லையோரப் பகுதிகளுக்கான அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். லேயில் இறங்கிய அன்றே விடுதிக்காரரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ராணுவ முகாம், பாலம் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

2. முதலில் உடம்பு

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. வெயில் நன்றாக இருக்கிறதே என்று லேயில் குன்றின்மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபியின் படிகளில் ட்ரைபாடோடு ஏறாதீர்கள். உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் படமெடுப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவதுதான் மருந்து.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எல்லாவற்றுக்கும் உள்ளே பருத்திப் பனியன். அங்கே அதுதான் முதல் எதிரி. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். நின்று படமெடுக்கத் தொடங்கியதும் அந்த ஈரம் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் இறகு நிரப்பிய ஜாக்கெட், கடைசியாகக் காற்றைத் தடுக்கும் மேலுறை. நடக்கும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். காலணி ஒரு சைஸ் பெரியதாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் உறையும்.

கைக்கு இரண்டு அடுக்கு. உள்ளே விரல்களுக்குத் தனித்தனியான மெல்லிய கம்பளிக் கையுறை, வெளியே விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் தடித்த மிட்டன். மிட்டனைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் காற்று அடித்துப் போகாது. கேமராவை இயக்குவது உள்ளுறையோடு மட்டுமே. வெறும் விரலால் உலோகத்தைத் தொட வேண்டாம். விரல் ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இரும்புத்தூள் கலந்த கைச்சூட்டுப் பைகளை வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் சூடாகின்றன. பாங்காங் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் நம் ஊரில் சோதித்துப் பார்த்த அளவு சூடு வராது. நம்பி இருக்க வேண்டியது உடையைத்தான்.

விரல் நுனியோ மூக்கு நுனியோ வெளிறி, உணர்ச்சி போனால் அது பனிக்கடியின் முதல் அறிகுறி. விரலைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது பழைய தவறான வைத்தியம், தோலைக் கிழித்துவிடும். அடுப்புக்கு நேராக நீட்டுவதும் ஆபத்து, மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது.

அடுப்பைப் பற்றி இன்னொன்று. லடாக் விடுதிகளில் அறை நடுவே புகைபோக்கியோடு ஒரு இரும்பு அடுப்பு இருக்கும், புகாரி என்பார்கள். அதை எரியவிட்டு எல்லாக் கதவு ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். எரியும் நேரத்தில் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தே இருக்கட்டும்.

3. பேட்டரி

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளி குளிரில் தடித்துப்போகிறது. அயனிகளின் ஓட்டம் மந்தமாகி உள் மின்தடை ஏறுகிறது. சார்ஜ் உள்ளேயே இருக்கும், கேமரா கேட்கும் வேகத்தில் வெளியே வராது. திரையில் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கேமரா சட்டென்று அணைந்துபோவது இதனால்தான். அந்தப் பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டாம். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி இருபது நிமிடம் வைத்தால் பாதி உயிர் திரும்பி வரும்.

ஆகவே, சாதாரணப் பயணத்துக்கு எடுத்துப்போவதைப் போல் இரண்டு மடங்கு பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் வெளிப் பை போதாது. ஃப்ளீஸுக்கு உள்ளே, மார்போடு ஒட்டிய பைதான் இடம். வலப் பையில் நிறைந்தவை, இடப் பையில் சோர்ந்தவை என்று வழக்கப்படுத்திக்கொண்டால் இருட்டிலும் குழப்பம் வராது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே மின்சாரம் தின்னும். வைஃபை, ஜிபிஎஸ், எடுத்த படத்தைத் தானாகக் காட்டும் வசதி மூன்றையும் அறையிலேயே அணைத்துவிடுங்கள்.

குளிர்ந்துபோன பேட்டரியை நேராக சார்ஜரில் போடக்கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே ஏற்றுங்கள். கிராமங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும் வரும் இடங்களும் உண்டு. கிடைக்கும் நேரத்தைத் தவறவிட வேண்டாம். தூங்கும்போது பேட்டரிகளையும் பவர்பேங்கையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இவை எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும்.

4. புறப்படும் முன் கேமராவைத் தயார்படுத்துதல்

அன்றைக்கு எந்த லென்ஸ் என்று அறையிலேயே தீர்மானித்து மாட்டிவிடுங்கள். காற்று அடிக்கும் வெளியில் லென்ஸ் மாற்றினால் பனித்தூள் சென்சார்மேல் போய் உட்காரும்.

எந்த லென்ஸ் என்பதில் என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. லடாக் என்றால் எல்லோரும் காட்சியை அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸைத்தான் எடுப்பார்கள். குளிர்காலத்தில் தூரத்தை அருகில் இழுக்கும் 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ்தான் அதிகம் பயன்படும். காற்றில் தூசியும் ஈரமும் இல்லாததால் பத்து இருபது கிலோமீட்டர் தாண்டி இருக்கும் மலைமுகடும் கூர்மையாக விழும். பனி வரியும் பழுப்பு மண்ணும் பின்னிக் கிடக்கும் சரிவுகளை அந்த லென்ஸால்தான் தனியாகப் பிரித்தெடுக்க முடியும். ஆனால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்ப அலை, குளிர்காலத்திலும், தூரக் காட்சியைக் கலக்கிவிடும். வைட் லென்ஸ் ஏரிப் பனிக்கும் இரவு வானத்துக்கும்.

அமைப்புகளையும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள்: ரா ஃபார்மட் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8 அல்லது எஃப்/11, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) +1, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 5500 கெல்வின், ஹிஸ்டோகிராமும் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதிவெளிச்ச எச்சரிக்கையும் திரையில். காலி மெமரி கார்டு. ட்ரைபாட் தட்டு கேமராவில் திருகி இருக்க வேண்டும். அந்தச் சின்னத் திருகை மரத்த விரலால் வெளியே மாட்ட முடியாது.

வண்டியில் போகும்போது கேமராப் பையைப் பின்பெட்டியில் வையுங்கள். ஹீட்டர் ஓடும் வண்டிக்குள் மடியில் வைத்திருந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கும்போது லென்ஸில் மூடுபனி படியும். கேமரா குளிராகவே இருக்கட்டும், பேட்டரி மட்டும் உங்களோடு சூடாக இருக்கட்டும்.

ட்ரைபாட் கார்பன் ஃபைபராக இருந்தால் கைக்கு நல்லது. அலுமினியம் என்றால் மேல் கால்களில் நுரைப்பட்டை சுற்றிக்கொள்ளுங்கள். ஆறு, ஊற்றுப் பக்கம் ஈரமான கால்களை மடக்கினால் அந்த ஈரம் உள்ளேயே உறைந்து, பிறகு திறக்காது. துடைத்துவிட்டு மடக்குங்கள். பனிக்கட்டிமேல் ரப்பர் பாதம் வழுக்கும், கூர்முனை ஆணிப் பாதம் வேண்டும்.

5. எக்ஸ்போஷர்: பனி ஏன் சாம்பலாகிறது

கேமராவின் ஒளிமானி எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. சட்டகம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் +1லிருந்து +2 ஸ்டாப்வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). வெயிலில் பளிச்சிடும் பனி பாதிச் சட்டகம் என்றால் +1 போதும். மேகமூட்டத்தில் முழுச் சட்டகமும் பனி என்றால் +2வரை போகலாம். ஹிஸ்டோகிராமின் மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. பனியின் நுண்ணிய துகள் விவரம் அந்தக் கடைசி விளிம்பில்தான் இருக்கிறது. அது வெந்துபோனால் பிறகு எந்த மென்பொருளாலும் வராது.

திரையைப் பார்த்து வெளிச்சத்தை முடிவுசெய்யாதீர்கள். சுற்றிலும் பனி கண்ணைக் கூசவைக்கும்போது எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும். போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில திரைகள் கருப்பாகவே தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடக்கவும் வேண்டாம், பனியில் பட்டுத் திரும்பும் புறஊதாக் கதிர் கண்ணைப் புண்ணாக்கும்.

நிழலில் கிடக்கும் பனி நீலமாக விழும். அதன்மேல் நேர் வெயில் இல்லை, நீல வானத்தின் ஒளி மட்டுமே இருக்கிறது. அதனால் நீலம்தான் உண்மை. அதை முழுக்க வெள்ளையாக்கினால் படத்தில் குளிரே இருக்காது. பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருக்கும் போலரைசர் ஃபில்டரையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். 4,000 மீட்டரில் வானம் ஏற்கெனவே கருநீலம். ஃபில்டரை முழுக்கத் திருப்பினால் வைட் லென்ஸில் ஒரு மூலை மட்டும் மை பூசியதுபோல ஆகிவிடும். ஆனால் பனிக்கட்டியைப் பார்த்துக் குனிந்து எடுக்கும்போது அதே ஃபில்டர் மேற்பரப்பின் பளபளப்பை நீக்கி உள்ளிருக்கும் விரிசல்களைக் காட்டும்.

பனி பொழியும்போது ஷட்டரை வைத்து விளையாடலாம்: 1/500 என்றால் புள்ளிகள், 1/60 என்றால் கோடுகள். லென்ஸில் விழும் துகளை வாயால் ஊதாதீர்கள், மூச்சு அங்கேயே உறைந்துவிடும். காற்றுப் பந்தோ மென்மையான பிரஷோ போதும்.

6. உறைந்த ஏரியில்

பாங்காங் 4,200 மீட்டருக்கு மேலே, ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 2023 பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடந்தது. பாதையைச் சோதித்து ஏற்பாடு செய்த பிறகு நடந்தது அது. நாமாக இறங்கி நடக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. தெளிந்த நன்னீர்ப் பனிக்கு ஒரு ஆள் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் என்பது வழக்கமான கணக்கு. உப்பு கலந்த பனி அதைவிட பலவீனமானது, பால்போல் வெளுத்த பனியும் அப்படியே. ஓடை வந்து கலக்கும் இடத்தில் அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஊர்க்காரர் ஒருவர் கூட வந்து, நடக்கலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும் கால் வையுங்கள். படத்துக்குக் கரையோரமே போதும் என்பது நல்ல செய்தி.

கரையோரத்தில் காற்றும் வெப்ப மாற்றமும் தள்ளிய பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செங்குத்தாக நிற்கும். காலைச் சூரியன் அவற்றின் பின்னால் வரும்படி நின்று பாருங்கள். ஓரம் வெள்ளையாகவும் நடு பச்சைநீலமாகவும் உள்ளிருந்து ஒளிரும். கீழே தட்டையான பனியில் வெள்ளை விரிசல்கள் நாளம்போல ஓடும், சில இடங்களில் காற்றுக் குமிழ்கள் அடுக்கடுக்காகச் சிக்கியிருக்கும். மேலே கிடக்கும் பனித்தூளைப் பிரஷால் மெல்ல ஒதுக்குங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு நுரைப்பாயைப் போட்டு, வைட் லென்ஸைப் பனியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறக்குங்கள். விரிசல் ஒன்று கீழ் மூலையில் தொடங்கி எதிர்க்கரை மலைவரை கண்ணை இழுத்துப் போகிறதா என்று பாருங்கள். எஃப்/11ல் ஒன்று விரிசலில், ஒன்று நடுவில், ஒன்று மலையில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பிறகு சேர்த்துக்கொண்டால் முன்னும் பின்னும் கூர்மையாக இருக்கும்.

தீண்டாத பனிப்பரப்பைப் படமெடுக்கப் போனால் சுற்றிக்கொண்டு போங்கள். ஒரு முறை நேராக நடந்துவிட்டால் அடுத்த பனிப்பொழிவுவரை அந்தச் சட்டகம் கிடையாது. உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் கிடையாது.

மாலையில் சூடு இறங்கும்போது பனி சுருங்கி, ஏரி முழுக்க ஒரு ஆழ்ந்த முழக்கம் ஓடும். முதலில் கேட்கிறவர்கள் பயந்துபோவார்கள். அது ஏரியின் இயல்பு.

7. ஹான்லேயின் இரவு

சிந்துக் கரையோரமாகவே போய் நியோமா, லோமா வழியாக ஹான்லே சேரலாம். 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அதன் 2 மீட்டர் தொலைநோக்கி நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் இமாலய சந்திரா தொலைநோக்கி என்று அழைக்கப்படுகிறது. சுற்றுப்புறம் இருள்வான் காப்பகம், அதாவது இரவு வானத்தின் இருட்டைக் காக்கும் பகுதி. ஊரில் வெளி விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நெற்றி விளக்கில் சிவப்பு ஒளி மட்டும் போடுங்கள்.

ஜனவரி மாலையில் பால்வீதியின் பிரகாசமான மையம் தெரியாது; பிப்ரவரி கடைசியில் விடியலுக்கு முன்புதான் எழும். முன்னிரவில் ஓரியனும் கார்த்திகைக் கூட்டமும் இருக்கின்றன, பனி மலைக்கு மேலே அவையே போதும். 20 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2.8, 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். சென்சார் குளிர்ந்திருப்பதால், அதன் சூட்டால் படத்தில் வரும் புள்ளிகள் (வெப்ப இரைச்சல்) குறையும். கடுங்குளிர் நமக்கு உதவுகிற ஒரே இடம் இது.

கேமராவை அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதன் பிறகு நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். சூடான லென்ஸ் குளிரும்போது ஃபோகஸ் நகர்ந்துவிடும். யூஎஸ்பி சூட்டுப்பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் முன்கண்ணாடியில் உறைபனி படியாது. பவர்பேங்கைக் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி வையுங்கள்.

8. அறைக்குத் திரும்பும்போது

கேமராக்கள் அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். வெளிக்காற்று வறண்டது, அறைக்குள் புகாரிமேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும், நாலு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். -20ல் உறைந்த உலோகம் அந்த ஈரக் காற்றைத் தொட்டதும் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். அதே ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் உள்ளேயே உறையும்.

கதவைத் திறக்கும் முன், வெளியிலேயே, மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கேமராவை லென்ஸோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பையைக் கேமராப் பைக்குள் வைத்து அடுப்புக்குத் தூரமான மூலையில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஈரம் பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கத்தில் படியும். விடிந்ததும் மறுபடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே கொண்டுவரவே வேண்டாம்; பூட்டிய வண்டியின் பின்பெட்டியிலோ குளிர்ந்த முன்னறையிலோ இருக்கட்டும்.

கார்டிலிருந்து படங்களை அன்றன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். திருத்தும்போது முதலில் பனியின் வெளிச்சப் பகுதியைச் சற்று இறக்கி விவரம் வருகிறதா என்று பாருங்கள், பிறகு நிழலின் நீலத்தைக் கொஞ்சமே குறையுங்கள். திருத்தும் மென்பொருளில் விவரத்தைத் தூக்கிக் காட்டும் க்ளாரிட்டி ஸ்லைடரை ஏற்றினால் பனி மணல்போல் சொரசொரப்பாகிவிடும். அதைத் தொடாமல் விடுவது நல்லது.